ஓரக்கண்ணில் வால்நட்சத்திரம்

மாடிப்படிக் கதவைச் சத்தமில்லாமல் திறப்பது எப்படி என்று அக்கா எனக்குச் செய்து காட்டினாள். ஒரு வாரமாகப் பழகியிருக்கிறாள் போல. கதவு பூனைக்குட்டி மாதிரி அடங்கி வந்தது.

"நீ முதல்ல போ. உங்க மாமா யாரைப் பாக்குறார்னு கண்டுபிடி. தெரிஞ்சதும் நான் அம்மா வீட்டுக்கு வந்துடறேன்."

அம்மா வீட்டில் அவளுக்குத் தரக்கூடிய ஒரே அறை என்னுடையது. ஆகவே மாமா யோக்கியராக இருக்க வேண்டும் என்று மனமாரப் பிரார்த்தித்தபடி படியேறினேன்.

சாட்சியங்கள் அவருக்கு எதிராகத்தான் இருந்தன. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தொலைநோக்கி வாங்கிய நாளிலிருந்து, கடையை அடைத்ததும் நேரே மாடிக்குப் போய்விடுகிறார். அங்கே விளக்கை அணைத்துவிட்டு ஒரு சிவப்பு டார்ச். கொசுவுக்கென்று எதையோ பூசிக்கொள்கிறார், வாசனையாக. செல்போனில் ஏதோ குரூப். செய்தி வந்தால் திரையைச் சாய்த்துப் படிக்கிறார். பௌர்ணமியை ஒட்டி மட்டும் நல்ல பிள்ளையாக வீட்டில் இருக்கிறார், அதுவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"நிலா வெளிச்சம் யாருக்குப் பிடிக்காது? திருடனுக்கும் இவருக்கும்தான்," என்றிருந்தாள் அக்கா. "வால்நட்சத்திரமாம். போன வாரமே பாத்துட்டாராம். பாத்தாச்சுன்னா அப்புறம் எதுக்குத் தினமும் போகணும்?"

மேற்கு வானம் இன்னும் முழுதாகக் கறுக்கவில்லை. மாமா குனிந்திருந்தார். குழாய், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குச் சற்று மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தொட்டிக்கு ஒழுக்கக்கேடான கவர்ச்சி எதுவும் இருப்பதாக எனக்குப் படவில்லை.

"வா மாப்ள. சீக்கிரம் பாரு, தொட்டிக்குப் பின்னாடி போயிடும். நேரா பாக்காத, தெரியாது. மங்கலானதை ஓரக்கண்ணாலதான் பாக்கணும்."

பார்த்தேன். கறுப்பு. சில புள்ளிகள். கொஞ்சம் என் இமைமயிர்.

"ஆஹா," என்றேன். என் அறை என் கண்முன் நின்றது.

"தெரியுதா?" மாமா என் தோளை இறுகப் பிடித்தார். "வால் எந்தப் பக்கம்?"

தெரிந்தவர் சோதிக்கும் குரல் இல்லை அது. பரீட்சையில் பின்பெஞ்சிலிருந்து வரும் குரல்.

அதற்குள் அக்கா மேலே வந்து, "தள்ளுடா," என்றாள். மாமா அவளுக்கும் ஓரக்கண்ணைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவரை அப்படியே பார்த்து வருபவளுக்கு. அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் குனிந்தாள்.

"அட. ஊதிவிட்ட பஞ்சு மாதிரி."

மாமா செல்போனை எடுத்துவிட்டார். "வால்? வால் எந்தப் பக்கம்?"

"ஏங்க, போன வாரமே பாத்துட்டேன்னு சொன்னீங்க?"

"குரூப்ல எல்லாரும் பாத்துட்டாங்க."

"நீங்க?"

மாமா செல்போன் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"எல்லாரும் பாத்தேன் பாத்தேன்னு போடுறாங்க. ஊருக்கெல்லாம் கண்ணு டெஸ்ட் பண்றவன், எனக்குத் தெரியலன்னு எப்படிப் போடறது? இப்ப வால் எப்படி இருந்துச்சுன்னு கேக்குறாங்க."

"இதுக்கே ஒரு பொய். அப்ப மத்ததெல்லாம்?"

"மத்தது எதுவும் இல்ல! சொல்லும்மா, மறைஞ்சிடப் போகுது."

அக்கா சொல்லவில்லை, இடமும் விடவில்லை. ஒரு கண் தொலைநோக்கியில் இருந்தது. மூடியிருக்க வேண்டிய மறு கண்ணைத் திறந்து வைத்து, மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்போன் வெளிச்சத்தில், பாதி எழுதிய செய்திக்கு மேலே, அவருடைய கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது.