எண்பது பிட்டுக்கு ஒரு தலையாட்டல்

பிளாமென் பனீட்சாப் பலகாரத்தை மென்றுகொண்டே காகிதத்தை ருமியானாவின் மேசைமேல் போட்டான்.

"நம்ம முகவரிப் பூட்டு உடைஞ்சிடுச்சு ருமி. எண்பது பிட் சாவி. குவாண்டம் கணினி ஒன்பது நாள்ல கண்டுபிடிச்சிடுச்சாம்."

"நம்ம ஆயுசுல யாராலும் முடியாதுன்னாங்களே!"

"அது ஒவ்வொரு சாவியாப் போட்டுப் பாக்குற பழைய மெஷினுக்கு. இது முன்னாடி எண்பதுன்னா வெறும் நாற்பதுதான். இருநூத்தைம்பத்தாறு வெச்சவன் காலை நீட்டித் தூங்குறான். எண்பதை எந்தப் புண்ணியவான் வெச்சானோ!"

ருமியானா காகிதத்தைக் குப்புறத் திருப்பி வைத்தாள். அந்தப் புண்ணியவதி அவள்தான்.

பதினொரு வருடத்துக்கு முன்பு, கணவன்மாரின் அடிக்குத் தப்பி ஒளிந்து வாழும் பெண்களுக்காக சோஃபியாவில் ஒரு காப்பகம் தொடங்கினார்கள். அவர்களின் முகவரிகளைப் பூட்டி அனுப்ப ஓர் ஏற்பாடு வேண்டியிருந்தது. "எண்பது பிட் போதுமா?" என்று அதைச் செய்துதர வந்த ஜெர்மன்காரர் ஹென்னிங் கேட்டார். அதைச் சரிபார்க்கும் பொறுப்பிலிருந்த ருமியானா அப்போது பேனா மூடியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். பேசாமல் தலையை மேலும் கீழும் ஆட்டினாள். எங்கள் சோஃபியா பக்கத்தில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம். பக்கவாட்டில் ஆட்டினால்தான் 'ஆமாம்'. அந்த மனிதருக்கு இது எங்கே தெரியும்? 'போதும்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அதோடு போயிருந்தால் தலைவிதி என்று விட்டுவிடலாம். அறிக்கை அச்சாகி வந்தபோது தன் பெயருக்கு எதிரே 'ஒப்புதல்' என்றிருந்ததை அவள் பார்த்தாள். எவன் உடைக்கப் போகிறான், நாளைக்குத் திருத்தி எழுதிக்கொள்ளலாம் என்று மூடிவைத்தாள். சோம்பேறித்தனம், வேறென்ன சொல்ல!

"உடனே சாவியை மாத்திடலாம் பிளாமென்."

"இனிமே போறதுக்கு மாத்தலாம். ஏற்கெனவே போனதையெல்லாம் எவனோ பிடிச்சு வெச்சிருந்திருக்கான். இப்ப திறந்து அந்தப் புருஷன்மாருக்கே விக்கிறான்."

அந்த முகவரிப் பட்டியலில் யோர்தாங்காவும் இருந்தாள், ருமியானாவின் பள்ளித்தோழி. கணவனுக்குப் பயந்து மூன்று வீடு மாறி, இப்போதுதான் மூச்சு விட்டிருந்தாள். ருமியானா அவளை வீடியோவில் அழைத்தாள்.

"என்னடி காலங்காத்தால? சாயங்காலம் எம்பொண்ணு ஸ்கூல்ல பாடப்போறா, வந்துடு. வராம இருந்தே, உதைதான்!"

ருமியானா வாயைத் திறந்தாள். கண்ணீர்தான் வந்தது.

யோர்தாங்காவின் சிரிப்பு நின்றது. "அவனுக்கு இடம் தெரிஞ்சிடுச்சா? மறுபடியும் கிளம்பணுமா?"

ருமியானா தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள். இந்த முறை தப்பாகப் புரிந்துகொள்ள அங்கே வெளியூர்க்காரர் யாரும் இல்லை.

யோர்தாங்கா கைபேசியை மேசைமேல் வைத்தாள். திரையில் கூரை மட்டும் தெரிந்தது. அலமாரி திறக்கும் சத்தம். பிறகு ஒரு சிறுமியின் குரல்:

"பாட்டு பாடிட்டுப் போலாமாம்மா?"