பிள்ளையாருக்கு ஒன்பது பொருத்தம்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கல்யாணத் தகவல் நிலையம் இருந்தது. படியேறி வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாமி படத்துக்காக இல்லை, கம்ப்யூட்டருக்காக. எண்பத்தேழில் அந்தத் தெருவிலேயே ஏ.சி. வைத்த ஒரே அறை எங்களுடையதுதான். முதலாளி யக்ஞநாராயணன் வெளியே ஃபேனுக்கடியில் வேர்த்து வழிந்துகொண்டிருப்பார். சம்பளத்துக்கு டைப் அடிக்க வந்த நான் உள்ளே சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு சொகுசு அதற்கப்புறம் எனக்குக் கிடைக்கவே இல்லை.

திறப்பு விழா அன்று முதல் பெயராகப் பிள்ளையாரைப் போட வேண்டும் என்று எல்லோரும் ஒரே மனதாகச் சொன்னோம். நோட்டுப் புத்தகமாக இருந்தால் ஒரு சுழி போதும். கம்ப்யூட்டர் விடவில்லை. ஆணா பெண்ணா என்று கேட்டது. ஆண் என்று கொடுத்தேன். கல்யாணம் ஆனவரா என்று கேட்டது. இல்லை என்று கொடுத்தேன். விலாசத்துக்கு, ரயில் நிலையத்துப் பக்கத்து அரசமரம். அடுத்து ஜாதகப் பக்கம் திறந்தது. நட்சத்திரம் என்ன போடுவது என்று நான் விழிக்க, யக்ஞம் சார், பகவானுக்கு ஜாதகம் ஏது, காலியாக விடு என்றார். விட்டுவிட்டேன்.

டிபேஸ் என்ற எங்கள் மென்பொருளில் பெயர்கள் ஒரு கோப்பு, ஜாதகங்கள் இன்னொரு கோப்பு. இரண்டையும் சேர்த்துக் கட்டியது வரிசை ஒன்றுதான். நூறாவது பெயருக்கு நூறாவது ஜாதகம், அவ்வளவுதான். முதல் பெயர் பிள்ளையார், முதல் ஜாதகம் வெறும் வரி. யாரும் அதை அதற்கப்புறம் திறந்து பார்க்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த சில வருஷங்களில் என் பெயரையும் நானே ஏற்றினேன். காந்திமதி, குரோம்பேட்டை, ஆயில்ய நட்சத்திரம். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று எந்தப் புண்ணியவானோ சொல்லிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்கு நான் முப்பத்திரண்டு வயது வரை வட்டி கட்டினேன். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வரன் சீட்டு அடித்துத் தள்ளிய இயந்திரம் என் நம்பரைக் கேட்டால் மட்டும் கையை விரித்துவிடும். கண்ணுக்கு எதிரே பந்தி நடக்க, பரிமாறுகிறவளுக்கு மட்டும் இலை இல்லை. அழுகையைவிட எனக்கு ஆத்திரம்தான் அதிகம் வரும்.

சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் எதிர்த் தரப்பின் பெயர், விலாசம், பத்துக்கு எத்தனை பொருத்தம் என்பது மட்டும் இருக்கும். நட்சத்திரம், ராசி எதுவும் இருக்காது. கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது என்றால் ஜோசியரிடம் போகாதவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர்.

தொண்ணூற்றைந்தில் ஜாதகங்கள் பதினெட்டாயிரத்தைத் தாண்டின. பழைய டிபேஸ் திணறியது. ஒருவருக்கு வரன் தேடச் சொல்லிவிட்டுக் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் தேடிக்கொண்டே இருக்கும். பொத்தேரியிலிருந்து யேசுதாசன் என்ற ப்ரோகிராமர் வந்தார். எல்லாவற்றையும் ஃபாக்ஸ்ப்ரோ என்ற புது மென்பொருளுக்கு மாற்றிவிடலாம் என்றார். வெள்ளிக்கிழமை நாள் குறித்தோம். ராகு காலம் முடியட்டும் என்று யக்ஞம் சார் சொன்னதும் அந்தக் கிறிஸ்தவ மனிதர் முகம் சுளிக்காமல் ஃபிளாப்பி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு மணி வரை காத்திருந்தார். அந்தக் காலத்து மனிதர்களை நினைத்தால் எனக்கு இப்படிப்பட்டவைதான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

இரண்டு நாள் வேலை. புதிய திரை நீலக் கலரில் பளிச்சென்று வந்தது. கேட்ட மாத்திரத்தில் வரனைக் கொட்டியது. காலி வரிகளையெல்லாம் கூட்டிப் பெருக்கிவிட்டதாக யேசுதாசன் சொன்னார். நாங்கள் மகிழ்ந்து போய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தோம்.

எல்லா உறுப்பினர்களுக்கும் புதுச் சீட்டு அனுப்புவது என்று முடிவானது. புதியவர்களில் தொடங்கிப் பழையவர்கள் வரை, பிரிண்டர் நாள் முழுக்கக் கரகரவென்று அடித்தது. இரண்டாவது வாரம் என் பெயர் வந்தது. பக்தவச்சலம், கோவிலம்பாக்கம், எட்டுப் பொருத்தம். நான் இரண்டு முறை அடித்துப் பார்த்தேன். இரண்டு முறையும் எட்டு. புது மென்பொருளுக்குக் கண் கூர்மை என்று யேசுதாசன் சொன்னது நினைவுக்கு வந்தது. நம்ப ஆசையாக இருந்தது, நம்பினேன்.

பக்தவச்சலம் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா இல்லை. அம்மா கிளியம்மாள், பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தவள். பெண் பார்க்க வந்த அன்று காப்பி குடித்து முடித்ததும் அவர் தம்ளரை அங்கேயே வைக்காமல் எடுத்துக்கொண்டு போய் சமையலறை வாசலில் என் அம்மாவிடம் நீட்டினார். என் வீட்டில் எந்த ஆம்பிளையும் செய்யாத காரியம். எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப் போயிற்று. தட்டு மாற்ற நாளும் குறித்தார்கள்.

அதற்கு நடுவில் பொன்னுரங்கம் வந்தான். சீட்டை மடித்துக் கவரில் போட்டு ஸ்டாம்பு ஒட்டுகிறவன். ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"யக்கா, நம்ம புள்ளையாருக்குப் பொண்ணு கெடச்சிடுச்சி. ஒம்போது பொருத்தமாம். சேலையூர்ல கீது பொண்ணு வூடு. அரசமரத்தாண்ட கவரை குடுத்துட்டு வந்துடவா?"

நானும் சிரித்தேன். யுகம் யுகமாகப் பெண் அமையாதவருக்கு ஃபாக்ஸ்ப்ரோ அமைத்துக் கொடுத்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினேன். பிள்ளையாருக்குத்தான் ஜாதகமே கிடையாதே, பொருத்தம் எப்படி வந்தது?

திறந்து பார்த்தேன். பிள்ளையாருக்கு ரோகிணி என்றிருந்தது. அது எங்கள் முதல் வாடிக்கையாளருடைய நட்சத்திரம். அவர் பெயருக்கு நேரே அடுத்தவருடையது. அடுத்தவருக்கு அதற்கடுத்தவருடையது. ஜாதகக் கோப்பில் இருந்த ஒரே காலி வரி பிள்ளையாருடையது. கூட்டிப் பெருக்கியபோது அது போய்விட்டது. பெயர்கள் இருந்த இடத்தில் இருக்க, பதினெட்டாயிரம் ஜாதகங்களும் ஒரு படி மேலே ஏறிவிட்டன. என் பெயருக்கு நேரே யாரோ ஒருத்தியின் உத்திரம் இருந்தது. ஆயில்யம் எனக்கு மேலே இருந்தவள் தலையில் உட்கார்ந்திருந்தது. ஏ.சி. அறையில் எனக்கு வேர்த்தது.

யேசுதாசன் ஓடி வந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் சுழி அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு காலி வரியைத் திரும்ப முதலில் நுழைத்தார். ஜாதகங்கள் எல்லாம் இறங்கித் தத்தம் வீட்டுக்குப் போய்விட்டன. எனக்கும் பக்தவச்சலத்துக்கும் கேட்டுப் பார்த்தேன். மூன்று பொருத்தம்.

போன சீட்டெல்லாம் தப்பு என்று எல்லோருக்கும் கடிதம் போட வேண்டும். யக்ஞம் சார் ஏ.சி. அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"உன் சீட்டு ஒண்ணு மட்டும் இருந்துட்டுப் போகட்டும்மா. யார் பார்க்கப் போறா?"

நான் ஒன்றும் அரிச்சந்திரன் பேத்தி இல்லை. ஒரு நாள் பூராவும் அந்த ஆசையோடு உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்த வீட்டில் போய் வாழப்போகிறவள் நான். நாளைக்கு அந்த அம்மாவுக்கு ஒரு தலைவலி வந்தாலும் என் நட்சத்திரம்தானோ என்று தோன்றும். அவள் இருமினால் நான் சாவேன். அப்படி ஒரு குடித்தனம் எனக்கு வேண்டாம். கோவிலம்பாக்கத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை நானே டைப் அடித்தேன். பொருத்தம் மூன்று, பெண்ணின் நட்சத்திரம் ஆயில்யம். ஸ்டாம்பையும் நானே ஒட்டினேன். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அடுப்பில் இருந்த குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

கடிதம் போன நாலாம் நாள் கிளியம்மாள் ஆபீசுக்கே வந்துவிட்டாள். கூட யாருமில்லை. படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக ஏ.சி. அறைக்குள் நுழைந்து, கடிதத்தை என் மேஜையில் வைத்தாள். பக்கத்து வீட்டுப் பையனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாளாம். இதையெல்லாம் எழுதச் சொன்னது யார் என்று கேட்டாள். நான்தான் எழுதினேன் என்றேன். ஏன் என்றாள். பயமாக இருந்தது, அதனால் எழுதினேன் என்றேன். அவள் கடிதத்தை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஆயில்யம் யாருக்கும்மா ஆவாது? மாமியாருக்குத்தான? அந்த மாமியா யாரு? நாந்தான? நான் சொல்றேன், ஆவும். தட்டு மாத்துற நாளு அதேதான். உங்க அம்மாகிட்ட சொல்லிடு."

சொல்லிவிட்டு, இந்த அறை என்ன இவ்வளவு குளிருது, எப்படி உக்காந்துகினு கீற என்று முந்தானையைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டாள். பொன்னுரங்கம் அன்று சாயங்காலம் அரசமரத்தடியில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தான்.

கல்யாணத்துக்கப்புறம் கிளியம்மாள் இருபத்து மூன்று வருஷம் என்னோடு இருந்தாள். சண்டை போடாத நாள் குறைவு. உப்பு அதிகமானால் சண்டை, பேரனை அடித்தால் சண்டை. ஆனால் சளி பிடித்து இருமும்போதெல்லாம் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாள். உன் நட்சத்திரம் வேலையைக் காட்டுது போலகீது காந்தி, கொஞ்சம் சுக்குத் தண்ணி வை என்பாள். நானும், இந்தத் தடவையாவது பலிக்குதான்னு பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டே வைப்பேன். இரண்டு பேரும் சிரிப்போம்.

எண்பத்தாறு வயதில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. காரியத்தன்று வந்திருந்த ஒரு சொந்தக்காரி, என் காதில் விழட்டும் என்றே பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள், ஆயில்யம்னு அப்பவே சொன்னாங்க, கேட்டாங்களா என்று.

எனக்குச் சுருக்கென்று கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. இதை உடனே கிளியம்மாளிடம் போய்ச் சொல்ல வேண்டும், கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பாள் என்று எழுந்து உள்ளறைக்குப் போனேன். அவள் படுக்கையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அதுவரை அழாதவள், அப்போதுதான் அழுதேன்.