சனிக்கிழமைப் புருஷன்

அப்சலோம் யுத்தத்திலிருந்து ஒற்றைக் காலோடு திரும்பி வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். நான் கொல்லையில் கொப்பரை வைத்து ஊர்த்துணியை வேக வைத்துக்கொண்டிருந்தேன். கட்டை ஊன்றும் சத்தம் கேட்டுத் திரும்பினால், நீல உடுப்போடு என் புருஷன் நிற்கிறான். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கால்சட்டையை மடித்து ஊசி குத்தியிருந்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் இந்த வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்காது. "ரெண்டோட அனுப்பி வெச்சேன், ஒண்ணோட வந்து நிக்கிறியே" என்றேன். "இன்னொண்ண வர்ஜீனியாவுல காவலுக்கு நிறுத்திட்டு வந்திருக்கேன் புள்ள" என்றான். சிரித்தோம். அப்புறம் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

அந்த ஞாயிறு முழுக்க எங்கள் பெண் லெட்டி அவன் மடியை விட்டு இறங்கவில்லை. எட்டு வயசுப் பெண், வெட்கமில்லாமல் கைக்குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை விடியுமுன் அவன் எழுந்தான். கட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வரட்டுமா" என்றான். நானும் சோள ரொட்டியைத் துணியில் கட்டிக் கொடுத்தேன். போய்விட்டான். அடுத்த சனிக்கிழமை வந்தான். திங்கட்கிழமை போனான். இப்படியே நாலு மாசம்.

அடிமைக் காலத்தில் அவன் அப்படித்தான் வருவான். நான் ஒரு பண்ணை, அவன் ஒன்பது மைல் தள்ளி இன்னொரு பண்ணை. இரண்டு எஜமான்களும் தங்களுக்குள் பேசி முடித்து, சமையல்கட்டு வாசலில் ஒரு துடைப்பத்தைப் போட்டுத் தாண்டச் சொன்னார்கள். தாண்டினோம். கல்யாணம் முடிந்தது. அதிலிருந்து சனிக்கிழமை சணல் தண்டு உடைக்கிற வேலை முடிந்ததும், எஜமான் எழுதிக் கொடுத்த அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு நடந்து வருவான். திங்கட்கிழமை அங்கே கொம்பு ஊதும்போது வரிசையில் நின்றாக வேண்டும். ஒரு தடவை சீட்டில் தேதி தப்பு என்று ரோந்துக்காரர்கள் பிடித்து முதுகை உரித்துவிட்டார்கள். அப்போதும் வந்தான். குப்புறப் படுத்தபடியே ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துவிட்டுத் திரும்பிப் போனான். லெட்டி பிறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அவன் பார்த்தது சனிக்கிழமை.

பிறகு யுத்தத்தில் வடக்கத்திப் பட்டாளம் கறுப்பர்களையும் சேர்த்துக்கொண்டது. சேர்ந்தவனுக்கு விடுதலை என்றார்கள். கொஞ்ச நாள் கழித்து, அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் விடுதலை என்று சட்டம் வந்தது. ஆக என்னையும் லெட்டியையும் மீட்டது அவன் போட்ட நீல உடுப்புதான். அதற்கு அவன் ஒரு காலைக் கொடுத்திருக்கிறான். இதை மறந்தால் நான் மனுஷியே இல்லை.

ஆனாலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யுத்தம் முடிந்தது, எஜமான் ஒழிந்தான், கொம்பு ஊத ஆளில்லை. இவன் மட்டும் திங்கட்கிழமை ஆனால் எழுந்து போகிறானே! பழைய பண்ணைக்குப் பக்கத்தில் நாற்சந்தியில் ஒரு சேணக்கடை. அங்கே உட்கார்ந்த இடத்தில் தோல் தைக்கிறானாம், அங்கேயே பின்கட்டில் படுத்துக்கொள்கிறானாம். ஏன், எங்கள் ஊரில் குதிரை இல்லையா, சேணம் கிழியாதா?

என்னோடு துணி வெளுக்கும் பாலஸ் ஒருநாள் போட்டு உடைத்தாள். "ஆம்பளை வாரத்துல அஞ்சு நாள் ஒரு இடத்துல இருக்கான்னா, அங்க அடுப்பு மூட்ட ஒருத்தி இருக்கான்னு அர்த்தம்" என்றாள். போடி, ஒற்றைக் கால்காரனுக்கு எவள் வருவாள் என்று நான் திருப்பிக் கேட்டேன். "நீ வரலியா?" என்றாள். அதற்கப்புறம் எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பிரசங்கியார் கோயிலில் ஒரு சங்கதி சொன்னார். துடைப்பம் தாண்டினவர்கள் எல்லோரும் நீதிமன்றத்தில் குமாஸ்தாவிடம் போய், சேர்ந்து வாழ்கிறோம், இனியும் சேர்ந்து வாழ்வோம் என்று சொல்லிப் பெயர் எழுதிக்கொள்ளலாம். எழுதிக்கொண்டால் சட்டப்படி புருஷன் பெண்டாட்டி. பிள்ளைகளை யாரும் வாய்க்கு வந்த பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் பக்கத்தில் இருந்த அப்சலோமைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், எழுதிக்கொள்ளலாமா என்று. யோசிக்கலாம் என்றான். மறுநாள் திங்கட்கிழமை. எழுந்து போய்விட்டான்.

புதன்கிழமை வரை பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை. கொப்பரைக்கடியில் நெருப்பை அணைத்து, துணியைப் பாலஸ் தலையில் கட்டிவிட்டு, லெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். அங்கே ஒருத்தி இருந்தால் அவள் முடி என் கையில் இருக்கும். இல்லாவிட்டால் இவனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவது. இந்தப் பக்கம் இருக்கிறாயா, அந்தப் பக்கமா, ஒரு வார்த்தை சொல், நான் என் வழியைப் பார்த்துக்கொள்கிறேன். வழியெல்லாம் இதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

பத்து வருஷத்தில் அந்த வழியில் நான் நடந்ததே இல்லை. எப்போதும் அவன்தான் வருவான். முதல் மேட்டிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. அடுத்தது ஓடை. பாலம் கிடையாது, கல்லுக்குக் கல் தாவ வேண்டும். லெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு காலோடே நான் வழுக்கினேன். அக்கரைச் சேற்றில் பார்த்தால், ஒரு காலடி, பக்கத்தில் கட்டை ஊன்றிய குழி. ஒரு காலடி, ஒரு குழி. வந்த தடம் ஒன்று, போன தடம் ஒன்று. ஓரிடத்தில் கை ஊன்றி எழுந்திருக்கிறான். ஐந்து விரலும் சேற்றில் பதிந்து காய்ந்திருந்தன. நான் கட்டிக் கொடுத்த ரொட்டியைத் தின்றுகொண்டு சும்மா நடந்து போகிறான் என்றல்லவா நினைத்திருந்தேன். என் கோபம் பாதி அந்த ஓடையோடு போயிற்று.

கடைப் பின்கட்டில் எவளும் இல்லை. ஒரு கம்பளி, ஒரு சட்டி, தோல் துண்டுகள். அப்சலோம் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் கட்டையை எட்டி எடுத்தான். லெட்டிக்கு உடம்புக்கு என்ன என்று பதறினான். உடம்புக்கு ஒன்றுமில்லை, அவள் எங்கே என்றேன். எவள் என்று விழித்தான். அந்த முழியைப் பார்த்ததுமே பாலஸ் சொன்னது பொய் என்று தெரிந்துவிட்டது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"அப்ப எதுக்குய்யா திங்கக்கெழம ஆனா ஓடிர்ற?"

அவன் ஊசியைத் தோலில் குத்தி வைத்தான்.

"நீ இருன்னு சொல்லலியே."

"நான் எதுக்குச் சொல்லணும்? உன் வீடு."

"என் வீடா?" என்று கேட்டபடி தோலை ஒதுக்கி வைத்தான். "யாரும் சொல்லாம எப்படிப் புள்ள இருக்கறது? முன்னால உங்க எஜமான் சரின்னாரு, எங்க எஜமான் சீட்டு குடுத்தாரு. இப்ப யாருகிட்டப் போயி நிக்கறது? உன்கிட்டத்தான் கேக்கணும். யுத்தத்துலேருந்து ஊரு வந்து சேர்ந்ததே வியாழக்கெழம. சனிக்கெழம வரைக்கும் இங்கயே உக்காந்திருந்தேன், எப்படிக் கேக்கறதுன்னு. ரெண்டு கால் இருந்தா கேட்டிருப்பேன்."

"இந்த நொண்டிச் சாக்கெல்லாம் என்கிட்ட..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? திங்கட்கிழமை தவறாமல் ரொட்டி கட்டிக் கொடுத்தது யார்? நான்தானே? விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, அவனுக்கு நேரமாகிறதே என்று பறந்து பறந்து கட்டிக் கொடுத்தேனே! போகாதே என்று சொல்லலாம் என்பது நாலு மாசத்தில் ஒருநாள்கூட என் மண்டையில் ஏறவில்லை. அதைச் சொல்கிற வாய் வேறு யாருடையதோ என்று இருந்துவிட்டேன். ஊரெல்லாம் பேசுகிற என் வாய்க்கு அந்த ஒரு வார்த்தை தெரியவில்லை.

அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். மடித்துக் குத்தியிருந்த அந்தக் கால்மேல் கையை வைத்தேன். இத்தனை நாளாக அதைத் தொட விடமாட்டான். அன்று விட்டான்.

"இரு அப்சலோம். நான் சொல்றேன். செவ்வாக்கெழம இரு, புதங்கெழம இரு. என்கூடவே இரு."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். 

அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. லெட்டி தோல் குவியல்மேல் தூங்கிப் போனாள். இருந்த சோளமாவைக் கரைத்துச் சுட்டுத் தின்றுவிட்டு நாங்களும் அங்கேயே படுத்தோம்.

விடியுமுன் எனக்கு விழிப்புத் தட்டியது. அப்சலோம் எழுந்து உட்கார்ந்து இருட்டில் கட்டையைத் தேடிக்கொண்டிருந்தான். சட்டைகூடப் போட்டாகிவிட்டது. எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டேன். நேரமாகிவிட்டது என்றான். "இது நீ படுக்கிற இடம்யா, இங்கேருந்து எங்க போவ?" என்றேன். அவனுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கட்டையை மெல்லக் கீழே வைத்தான். படுத்தான்.  வெளிச்சம் வரும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். நன்றாக விடிந்தபின் பார்த்தேன், தூங்கிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகூட இருட்டோடு எழுந்துவிடுகிறவன்; விடிந்தபிறகு என் புருஷன் தூங்கி அன்றைக்குத்தான் பார்க்கிறேன். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். பத்து வருஷமாக எனக்கு இது தெரியாது.

சேணக்காரர் அன்றைக்கு எங்கள் ஊருக்கு வண்டி கட்டினார். மூன்று பேரும் ஏறிக்கொண்டு நேராக நீதிமன்ற வாசலில் இறங்கினோம். குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெயர்களைக் கேட்டு எழுதினார். பிறகு, எத்தனை காலமாகச் சேர்ந்து வாழ்கிறீர்கள் என்றார். பத்து வருஷம் என்று நான் வழியிலேயே யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அப்சலோம் கட்டையை ஊன்றி, பட்டாள அதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றான்.

"நேத்துலேருந்துங்கய்யா" என்றான்.

குமாஸ்தா எட்டு வயசு லெட்டியை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"அவர் சொல்றது சரிதாங்கய்யா. அப்படியே எழுதிக்குங்க" என்றேன்.