துண்டுக்குள் இரண்டு விரல்

என் பெயர் அமலராணி. திண்டுக்கல்லில் தமிழாசிரியை. ஆறு வருடமாக 'அமலாவின் அலமாரி' என்று இன்ஸ்டாகிராமில் புத்தகக் கணக்கு ஒன்று நடத்துகிறேன். டம்ளரில் ஆவி பறக்கும் காபி, பக்கத்தில் இரண்டு பிச்சிப்பூ, மடக்கி வைத்த மூக்குக் கண்ணாடி, நடுவில் புத்தகம். காபி ஆறுவதற்குள் படம் எடுத்துவிட வேண்டும். பின்தொடர்கிறவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். அதில் முப்பது பேர் என் சொந்தக்காரர்கள், பாக்கிப் பேரில் பாதி எட்டாம் வகுப்பு.

உடையப்பன் கணக்குக்கு ஒன்றேகால் லட்சம் பேர். உடையப்பன் யார் என்றால், அய்யலூர் ஆட்டுச் சந்தையில் தரகர். புத்தகம் படிக்கிறவர் இல்லை. ஒரு வியாழக்கிழமை அவர் மகள் சுகன்யா கல்லூரி நூலகத்தில் எடுத்த நாவலோடு சந்தைக்கு வந்திருக்கிறாள். இவர் அதை வாங்கி, முதுகை அழுத்திப் பார்த்து, பக்கங்களை ஆட்டுக் காதைப் புரட்டுவது மாதிரிப் புரட்டி, தரையில் நிற்க வைத்திருக்கிறார். புத்தகம் சாய்ந்து விழுந்தது. "காலு சரியில்ல. அறுப்புக்குத்தான் ஆகும்" என்றார். சுகன்யா அதைப் படம் பிடித்துப் போட, ஊரே சிரித்தது. அப்புறம் ஊரே நம்ப ஆரம்பித்தது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இப்போதெல்லாம் எழுத்தாளர்களே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அய்யலூருக்கு பஸ் ஏறுகிறார்கள். சந்தையில் விலை பேசுவது போலவே மதிப்பெண்ணும் துண்டுக்குள்தான். எழுதியவர் கையைப் பிடித்து மேலே துண்டைப் போட்டு, பத்துக்கு எத்தனை என்று விரலைப் பிடித்துச் சொல்லுவார். துண்டுக்குள் பேசியதை எந்தத் தரகரும் வெளியே சொல்ல மாட்டார். பார்க்கிறவர்களுக்குத் தெரிவது எழுத்தாளரின் முகம் மட்டும். அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஜனங்கள் புத்தகம் வாங்குகிறார்கள்!

நானும் ஒரு நாவல் எழுதியிருந்தேன். 'பதினேழாவது வளைவு'. பதினோரு வருட உழைப்பு, நானூற்று இருபது பக்கம். அச்சடித்து எட்டு மாதம் ஆகியும் யாரும் படிக்கவில்லை. தலைமையாசிரியை "சூப்பர் டீச்சர்" என்றார். என் கணவர் ஸ்தனிஸ்லாஸ் அதை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்து, தினமும் தூசி தட்டினார். திறக்கவில்லை. நல்லா இருக்கிறது என்றோ குப்பை என்றோ யாராவது ஒருத்தர் சொல்ல மாட்டாரா என்று ஏங்கிப்போனேன். கடைசியில் வெட்கத்தை விட்டு, காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்து, நானும் அய்யலூர் பஸ்ஸில் ஏறினேன்.

சந்தை ஒரே சத்தம். வெள்ளாடும் செம்மறியும் கத்துகிற கத்தலில் என் பெயரையே நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு முன்னால் ஒரு கவிஞர் முகம் சிவந்து போய்க்கொண்டிருந்தார். நான் கையோடு கொண்டுபோயிருந்த என் சொந்தப் பிரதியை உடையப்பன் வாங்கி ஒரு கையால் தூக்கினார். முதுகைத் தடவினார். நிற்க வைத்தார், நின்றது. எனக்கு உயிர் வந்தது. பிறகு நடுப்பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். முகம் மாறிவிட்டது.

துண்டு விழுந்தது. உள்ளே என் விரல்களில் இரண்டைப் பிடித்தார். மூன்றாவதுக்கு வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை.

குனிந்து காதோரமாகச் சொன்னார். "டீச்சர், முன்னயும் பின்னயும் நல்ல உருப்படி. வயிறு பூராம் தண்ணி. சந்தைக்கு வாரப்ப எடை கூட்டிக் காட்ட சில பேரு ஆட்டுக்குத் தண்ணியக் குடிக்க வச்சு ஓட்டியாருவாக. அதத்தான் நீங்களும் பண்ணியிருக்கீக."

"படிக்காம எப்படிண்ணே சொல்றீங்க?"

"நடுவுல பக்கத்து ஓரமெல்லாம் புத்தம்புதுசா இருக்கு. முன்னயும் பின்னயும் உங்க கை பட்டு அழுக்காயிருக்கு. நீங்களே அதத் தொடலையே டீச்சர்."

நான் அழுதுவிட்டேன். அவமானத்தில் மட்டும் இல்லை, உண்மையைச் சொல்லிவிட்டாரே என்றும்தான். நானூறு பக்கம் இல்லாவிட்டால் நாவலே இல்லை, குறுநாவல்தான் என்று ஒரு கூட்டத்தில் யாரோ பேசியதைக் கேட்டு, பரீட்சை ஹாலில் உட்கார்ந்து சிறுமலைப் பனியைப் பற்றியே நூற்று நாற்பத்தெட்டு பக்கம் எழுதிச் சேர்த்திருந்தேன். கதாநாயகி அத்தனை பக்கமும் பஸ்ஸுக்காக நிற்பாள். எழுதினேனே தவிர, அதை ஒரு தடவைகூடத் திரும்பப் படிக்கவில்லை.

மாலைக்குள் வீடியோ வந்துவிட்டது. ஆட்டுச் சத்தத்தில் அவர் பேசியது ஒரு எழுத்தும் கேட்கவில்லை. தெரிந்ததெல்லாம், துண்டுக்குள் கையும் தாரை தாரையாகக் கண்ணீரும். 'பத்துக்குப் பத்து வாங்கிய முகம்' என்று யாரோ கீழே எழுத, அதுவே செய்தியாகிவிட்டது. ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார். அந்த மிட்டாயை நானும் வாயில் போட்டுக்கொண்டேன், என்ன செய்வது?

அடுத்த வாரம் அச்சகத்து மீரான் பாய் கூப்பிட்டார். "ஆயிரத்தெண்ணூறு காப்பிக்கு ஆர்டர் நிக்குதும்மா. ஓட்டிரவா?"

"கொஞ்சம் பொறுங்க பாய். நடுவுல நூத்தி நாப்பத்தெட்டு பக்கத்த எடுத்துரலாம்னு இருக்கேன்."

"நல்லாச் சொன்னீங்க போங்க. வீடியோவுல குண்டா இருக்கு. ஒல்லியா அனுப்புனா பூராம் திரும்பி வந்துரும். பாதி விக்கிறான்னு என்னையத்தான் பேசுவாங்க."

எனக்கு வந்த கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். பனிக்கு நட்டநடுவில், இருநூற்று மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தியை எடுத்துவிட்டு இப்படி எழுதிக் கொடுத்தேன்: 'இந்த இடம் வரை படித்துவிட்டவர் தயவுசெய்து எனக்குப் போன் செய்யவும். அமலராணி.' கீழே என் நம்பர். மீரான் பாய் அதையும் படிக்காமல் அடித்துவிட்டார்.

புத்தகங்கள் போய்ச் சேர்ந்தன. படங்கள் வர ஆரம்பித்தன. ஆவி பறக்கும் காபி, இரண்டு பூ, மடக்கி வைத்த கண்ணாடி, நடுவில் என் நாவல். கரூரில் ஒருவர் தென்னை மரத்தில் சாய்த்து எடுத்திருந்தார். ஒரு அம்மா நாவலுக்குப் பொட்டு வைத்திருந்தார். 'பனிக் காட்சிகளில் போர்வையைத் தேடினேன்' என்று ஒருத்தர் எழுதியதும் துள்ளிக் குதித்துப் போனைச் சார்ஜில் போட்டேன். போன் வரவில்லை. பின்னட்டையில் நான் எழுதிய வாக்கியம்தான் அது என்று அப்புறம் ஞாபகம் வந்தது.

வகுப்பில் பாடம் நடத்தும்போதும் போன் மேசை மேல் இருந்தது. சர்ச்சில் பூசையின்போது சத்தத்தை மட்டும் குறைத்து மடியில் வைத்துக்கொண்டேன். லோன் வேண்டுமா என்று கேட்டவர்களிடம்கூட, "எந்தப் பக்கத்துல இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறேன். ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. ஆயிரத்தெண்ணூறு வீட்டில் என் நாவல் இருந்தது. இருநூற்று மூன்றாம் பக்கத்தில் மட்டும் ஒரு ஆள் இல்லை. அலமாரிக் கணக்கைத் திறந்து, ஆறு வருடத்தில் நான் படம் எடுத்துப் போட்ட புத்தகங்களை எண்ணினேன். முந்நூற்றுப் பத்து. அதில் கடைசிப் பக்கம் வரை படித்தவற்றை எண்ணத் தைரியம் இல்லாமல் மூடிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரில் இருந்து போன்.

"டீச்சருங்களா? உடையப்பன் பேசுறேன். அய்யலூரு."

"சொல்லுங்கண்ணே."

"கூப்பிடச் சொல்லி எழுதியிருக்கீகளே. என்ன விசயம்?"

வெங்காயம் கையிலிருந்து விழுந்தது. "அண்ணே, நீங்க... படிக்கிறீங்களா?"

"அஞ்சாப்பு வரைக்கும் போயிருக்கேன்ல. எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறது. ஒரு நாளைக்கு மூணு பக்கம். சுகன்யாகிட்டச் சொல்லிப் புதுசு ஒண்ணு வாங்குனேன். அன்னைக்கு அம்புட்டு அழுதீக, மனசே கேக்கல. நாஞ் சொன்னது தப்பா இருந்துச்சுன்னா பாவமில்லையா?"

பதினோரு வருடம் இந்தக் குரலுக்காகத்தானே காத்திருந்தேன். மெல்லக் கேட்டேன். "தப்பாண்ணே?"

"இல்ல டீச்சர். தண்ணிதேன்."

சிரித்தேன். சிரிப்பு நிற்கவே மாட்டேன் என்றது. என் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்த ஸ்தனிஸ்லாஸ் பயந்து போய்த் தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தார்.

"அந்தப் புள்ள இன்னும் பஸ்ஸுக்கு நிக்கிதே டீச்சர். இன்னும் எம்புட்டுப் பக்கம் பனி இருக்கு?"

"எண்பத்தஞ்சு பக்கம்ணே. தயவுசெஞ்சு அதை விட்டுட்டு இருநூத்தி எண்பத்தொம்பதுக்குப் போயிருங்க. அங்க பஸ் வந்துரும்."

அவர் தாள்களைப் புரட்டி எண்ணுவது போனில் கேட்டது.

"அது நல்லா இருக்காது டீச்சர். பொம்பளப் புள்ள, பனியில ஒத்தையில நிக்கிது. நான் பாட்டுக்கு விட்டுட்டுப் போனா எப்படி? பஸ்ஸு வார வரைக்கும் கூட நிக்கிறேன்."