இருபத்துநான்கு நிமிடங்கள்

செவ்வாய்க்கிழமைகளில் மாலை வகுப்பில் விளையாட்டு நிகழ்ச்சி முகாமைத்துவம் படிக்கிறேன். ஏதாவது ஒரு போட்டித் தொடரைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்து, கட்டங்கள் போட்ட கொப்பியில் நாட்குறிப்பு எழுதுவதுதான் இந்தத் தவணைக்கான வேலை. நான் சூப்பர் ரக்பியை எடுத்தேன். எடுத்தேன் என்பதுகூடச் சரியில்லை. கண்டியில் படித்த ஒருவரைக் கல்யாணம் செய்தால் ரக்பி தானாகவே வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

என் கணவர் நஸ்மியும் அவருடைய பள்ளிக்கூடக் கூட்டாளி மஹ்மூத் நானாவும் மெல்பேர்ன் அணிக்குப் பருவச் சீட்டு எடுத்து, வருடக்கணக்காக ஒரே வரிசையில் இருக்கிறார்கள். கூடவே மஹ்மூத் நானாவின் மனைவி சித்தி ராத்தா (நானா என்றால் அண்ணன், ராத்தா என்றால் அக்கா; சித்தி அவருடைய பெயர்), நானாவின் தம்பிமார் இருவர். இவ்வருடம் ஆறாவதாக நான். சிட்னியில் பிறந்து வளர்ந்த நான் மெல்பேர்ன் புறநகரான கிரான்பர்னுக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. மெல்பேர்னில் எனக்கு வேறு யாரும் இல்லை. அந்த வரிசையில் எனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று மிகவும் ஆசைப்பட்டேன். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாததால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு. நோன்பு மாதத்தில் ஆட்டம் வந்தால் ஒருவர் மட்டுமே நோன்பு திறக்கும் நேரம் பார்ப்பார். மற்றவர்களின் போன்கள் அணைந்திருக்கும். சில வருடங்களுக்கு முன்னர், எங்கள் ஆள் பெனால்டி உதைக்கப் பந்தை நிறுத்தி, அரங்கமே மூச்சடங்கியிருந்த நேரத்தில் ஐந்து போன்கள் ஐந்து குரலில் நோன்பு திறக்கும் பாங்கு சொன்னனவாம். உதை வெளியே போனது. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்த பார்வையை மஹ்மூத் நானா இப்போதும் நடித்துக் காட்டுவார்.

"இந்த முறை நேரம் மிஸ்னாட பொறுப்பு," என்றார் அவர். "கொப்பியும் கோடும் வச்சிக்கொண்டு ஈக்கிற ஒரே ஆள் இவதான்."

சந்தோஷத்தில் அன்றிரவே உம்மா வாட்ஸப்பில் அனுப்பியிருந்த நோன்பு அட்டவணையை அச்செடுத்து, ஓரம் வெட்டி, கொப்பியில் ஒட்டினேன்.

முதல் நோன்பு வெள்ளிக்கிழமை வந்தது. அன்றே ஆட்டமும். எதிரணி சிட்னி. எல்லோரும் வேலையிலிருந்து நேரே வந்திருந்தார்கள். வானம் மூடிக் கிடந்தது. அரங்கின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்ததால் பகலா இரவா என்று தெரியவில்லை. சரியாக ஆறு ஐம்பத்தெட்டுக்கு நான் கையைத் தூக்கினேன். பிஸ்மில்லாஹ் சொல்லிப் பேரீச்சம்பழம் கடித்தோம். சித்தி ராத்தா பிளாஸ்கைத் திறந்து கஞ்சி ஊற்றினார்.

அடுத்து நான் நேரம் பார்த்தபோது ஏழு இருபத்திரண்டு. நான்கு வரிசை கீழே இருந்த ஒரு சோமாலியக் குடும்பம் அப்போதுதான் கைகளை ஏந்தித் துஆ கேட்டுப் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தது.

சித்தி ராத்தா என்னைப் பார்த்தார். நான் கொப்பியைப் பார்த்தேன். அட்டவணையின் அடியில், நானே ஒட்டிய பசையில் பாதி மறைந்து, சிட்னி என்று இருந்தது. சிட்னியில் சூரியன் எங்களைவிட இருபத்துநான்கு நிமிடம் முந்தி மறைந்துவிடுகிறது.

ஆறு பேரின் நோன்பும் முறிந்துபோனது. ஆறு பேரும் பிறகு ஒருநாள் அதற்கு ஈடாகக் கழா நோன்பு பிடிக்க வேண்டும்.

சித்தி ராத்தா பிளாஸ்கை மூடினார். பிறகு மஹ்மூத் நானாவின் இளைய தம்பி மெதுவாகச் சொன்னார்: "சிட்னி டீமுக்கு எங்கட நோன்பையும் சேத்துக் குடுத்திட்டாங்க."

வரிசை முழுதும் சிரித்தது. நஸ்மியும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றைய ஆட்டத்தில் யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்ற கட்டங்கள் என் கொப்பியில் வெறுமையாக இருக்கின்றன.

அடுத்த மூன்று ஆட்டங்களுக்கு நான் போகவில்லை. வகுப்பு வேலை இருக்கிறது என்றேன். நியூசிலாந்து அணியுடனான ஆட்டத்தையும் பிஜி அணியுடனான ஆட்டத்தையும் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக் குறிப்பெடுத்தேன். ஒருமுறை கமரா எங்கள் வரிசைப் பக்கம் திரும்பியது. நஸ்மிக்கு அருகில் என் இருக்கையில் அவருடைய ஜக்கெட் கிடந்தது.

"வாங்களே, மிஸ்னா. அவங்க அதெல்லாம் மறந்திட்டாங்க," என்றார் நஸ்மி.

"ஆறு பேர்ட நோன்பு. அத எப்பிடி மறக்கிற?"

நோன்புப் பெருநாள் முடிந்து மூன்று வாரத்தில் சித்தி ராத்தா போன் செய்தார்.

"ஒங்கட கழாவப் பிடிச்சிட்டீங்களா?"

"பெருநாள் முடிஞ்ச கிழமையே பிடிச்சிட்டன், ராத்தா."

"அல்லாஹ்! தனியாவா? நாங்க ஒருத்தரும் இன்னும் பிடிக்கல்ல. ஹோம் மெட்ச்ல கடைசி மெட்ச் சனிக்கிழம பின்னேரம். அண்டைக்கி எல்லாரும் ஒண்டாப் பிடிக்கிற எண்டு ஈக்கிறம்."

என் கடன் தீர்ந்துவிட்டது; இனிப் பிடித்தால் அது விருப்ப நோன்புதான். "அப்ப நான் சுன்னத்தா ஒண்டு பிடிக்கிறன்," என்றேன்.

"பிடிங்க. நேரமும் நீங்கதான் பாக்கணும்."

"நான் பாக்கவா? ராத்தா, வேற யாரும்..."

"வேற யாரு? சட்டம் சட்டம்தான்."

அந்த வாரம் மூன்று பள்ளிவாசல்களின் அட்டவணைகளை ஒப்பிட்டேன். வானிலை நிலையத்தின் பக்கத்திலும் பார்த்தேன். எல்லாவற்றிலும் மெல்பேர்ன் என்ற பெயரைச் சிவப்பில் கோடிட்டேன். சூரியன் மறைவது ஐந்து பன்னிரண்டு. வெள்ளிக்கிழமை இரவு மறுபடியும் பார்த்தேன். ஐந்து பன்னிரண்டுதான்.

சனிக்கிழமை குளிர் எலும்பைத் தொட்டது. என் இருக்கையிலிருந்து ஜக்கெட்டை எடுத்துவிட்டு நஸ்மி நகர்ந்து இடம் விட்டார். மஹ்மூத் நானா எழுந்து, வரிசைக்கே கேட்கும்படி, "போன் எல்லாம் ஓஃப்!" என்றார். ஐந்து பேரும் அணைத்தார்கள். ஒருவர்கூட நேரம் பார்த்துவிட்டு அணைக்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

இடைவேளைக்குச் சற்று முன்னர் நாங்கள் இரண்டு புள்ளி பின்னால் இருந்தோம். எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. உதைப்பவர் பந்தை நிறுத்தி, பின்னால் நடந்து, தலையைக் குனிந்து நின்றார். அரங்கம் மூச்சடங்கியது.

ஐந்து பன்னிரண்டு.

ஒரு நிமிடம் பொறுத்தால் என்ன என்று ஒரு மனம் சொன்னது. கொப்பியைத் திரும்பப் பார்க்கச் சொன்னது இன்னொரு மனம். பேரீச்சம்பழங்கள் ஐந்து கைகளில் காத்திருந்தன. கண்கள் மைதானத்தில் இருந்தாலும் எல்லாக் காதுகளும் என் பக்கம்தான் என்று எனக்குத் தெரிந்தது. கையைத் தூக்கினால் பின்னாலிருப்பவர்களுக்கு மறைக்கும். நஸ்மியின் காதில் மெல்லச் சொன்னேன்: "நேரம்."

அவர் சித்தி ராத்தாவின் காதில் சொன்னார். அவர் மஹ்மூத் நானாவிடம். நானா மூத்த தம்பியிடம், அவர் இளைய தம்பியிடம். எவரும் திரும்பிக் கேட்கவில்லை. சத்தமே இல்லாமல் ஐந்து கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வாய்க்குப் போயின.

பிறகு அரங்கம் அதிர்ந்தது. என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. நான் வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன புள்ள, ஒங்கட பழம் இன்னும் கையில ஈக்கி!" என்றார் மஹ்மூத் நானா.

அந்த உதை உள்ளே போனதா இல்லையா என்ற கட்டம் கொப்பியில் இன்னும் காலியாகவே இருக்கிறது. செவ்வாய்க்கிழமைக்குள் நஸ்மியிடம் கேட்டு நிரப்ப வேண்டும்.