ஒன்பது வோல்ட்

சடலம் குளிப்பாட்டும் பலகையில் கிடந்த அண்ணன் ஜலாலின் விரல்களை முதாசிர் ஒவ்வொன்றாகப் பிரித்தான். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். ஹேண்டில்பார் ரப்பரின் கறுப்பு அதில் அப்பியிருந்தது. தேய்த்தால் தோலும் சேர்ந்து வந்தது.

"மெல்ல தம்பி. மையித்துக்கும் வலிக்கும்," என்றார் பள்ளிவாசல் ஹஜ்ரத்.

காலையில் திருநீர்மலை பக்கம் ஜலாலின் பைக் நின்றுபோக, மே மாத வெயிலில் அஸ்தினாபுரத்து வீடு வரை தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். வாசலில் ஸ்டாண்டு போட்டுவிட்டு விழுந்தவர் எழவில்லை.

வெளியே பக்கத்து வீட்டுப் பட்டாபிராமன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "புது பேட்டரி சார். போன வாரந்தான் தம்பி தன்னோட மெக்கானிக் கடையில வச்சே போட்டுக் குடுத்தாரு. இப்பல்லாம் எல்லாமே டூப்ளிகேட்."

பேட்டரி மேல் குற்றமில்லை என்று முதாசிருக்குத் தெரியும். எஞ்சின் ஓடினால் காந்தம் சுற்றி காயிலில் கரண்டு பிறக்கும். தறிகெட்டு ஏறும் அதைப் பதினாலு வோல்ட்டுக்குள் அடக்கி பேட்டரிக்கு ஊட்டுவது ரெகுலேட்டர். அது செத்தால் எந்தப் புது பேட்டரியும் இருப்பதைத் தின்றுவிட்டுப் படுத்துவிடும். போன வாரம் பிரசன்னா என்கிற கஸ்டமர் அவசரம் என்று கடையில் கத்தினான். கைவசம் ரெகுலேட்டர் இல்லை. சர்வீசுக்கு நின்ற அண்ணன் வண்டியிலிருந்து முதாசிர் கழற்றி அவனுக்குப் போட்டு, அவனுடைய கருகிப்போனதை இதில் மாட்டினான். புது பேட்டரி ரெண்டு நாள் தாங்கும், அதற்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான். மறந்தே போனான்.

கஃபன் துணி சுற்றியதும் பெண்கள் முகம் பார்க்க வந்தார்கள். ஜலாலின் மகள் ஃபாயிசா பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படிப்பவள். அவள் அழவில்லை. சித்தப்பா முதாசிரிடம் வந்தாள்.

"சாச்சா, மீட்டர் வச்சுப் பாத்தேன். பேட்டரியில ஒம்பது வோல்ட்டுதான் இருக்கு. சார்ஜே ஏறல. ரெகுலேட்டர பாத்தீங்களா?"

"மவுத்து வூட்ல இன்னாடி கேள்வி இது?" அவள் அம்மா ஷரீஃபா அதட்டினாள். "கூடப்பொறந்த அண்ணன் வண்டி. அவரு பாக்காமயா வுட்ருப்பாரு?"

அந்த நம்பிக்கை சளி மாதிரி வந்து அவன் முகத்தில் ஒட்டியது. சொல்லிவிடலாம். வாயைத் திறந்தான்.

"பாத்தேம்மா. நல்லாத்தான் இருந்துச்சு."

சொந்த எச்சிலே அவனுக்கு நாறியது. ஃபாயிசா வாசல் பக்கம் திரும்பிப் போனாள்.

மையித்தை வைத்த சந்தாக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். "தம்பிக்காரரு, முன்னாடி வாங்க," என்று யாரோ அவனைப் பிடித்து இழுத்து விட்டார்கள். அடக்கம் செய்யும் கபரஸ்தானுக்குப் பெண்கள் வருவதில்லை. தோளில் பாரம் ஏறிய பிறகு அவனால் நிற்கவும் முடியாது.

தெருமுனையில் திரும்பும்போது பார்த்தான். வாசலில் ஃபாயிசா பைக்கின் பக்கத்தில் குந்தியிருந்தாள். பக்கவாட்டு மூடி தரையில் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்தபடி இரண்டு கைகளையும் உள்ளே விட்டிருந்தாள்.