கயிறு எட்டும் தூரம்

என் அம்பு நாற்பது கஜம் பாயும். கைசுவின் கை முப்பது கஜம்தான் எட்டும். நடுவில் இருக்கும் அந்தப் பத்து கஜத்தில் நான் ஏழு வருடம் வாழ்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நாங்கள் ஐந்து பேர் அவரவர் வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து, உலகத்தில் எங்கேயும் இல்லாத ஒரு நிலவறைக்குள் இறங்குவோம். கயானி ஊரில் இருக்கும் பென்ட்டி கேடயம் பிடிப்பவர். உள்ளே இருக்கும் மிருகங்கள் எல்லாம் அவரைத்தான் அடிக்க வேண்டும். அடி வாங்குவதுதான் அவர் வேலை. ஊலுவில் பேருந்து ஓட்டும் கைசு, கையிலிருந்து வெளிச்சம் பாய்ச்சி எங்கள் காயங்களை ஆற்றுபவள். நிசுலா சகோதரர்கள் கத்திக்காரர்கள். இந்த ஏழு வருடத்தில் அவர்கள் இருவர் வாயிலிருந்தும் சேர்ந்து ஐம்பது வார்த்தை வந்திருந்தால் அதிகம். நான் வில்லாளி. பெயர் துய்யா, வயது ஐம்பத்தொன்று, ஹைலுவோத்தோ தீவில் தனியாக இருக்கிறேன். கைசுவின் வீடு இங்கிருந்து படகுக்குக் காத்திருப்பதையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். இருந்தும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அவள் இரண்டு முறை கேட்டிருக்கிறாள். இரண்டு முறையும் எனக்கு வேலை இருந்தது.

தூரத்தில் நின்றால் சண்டை அழகாக இருக்கும். கத்தி மோதும் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வரும். நெருப்பு ஒரு பூ மாதிரி விரிந்து மூடும். தரையில் கொதிக்கும் பச்சை நஞ்சு என் கால்வரை வராது, ஒதுங்கவே தேவையில்லை. ஒரே இடத்தில் நின்று, மூச்சைப் பிடித்து, அம்புக்கு மேல் அம்பு. முடிவில் யார் எவ்வளவு அடித்தார்கள் என்று ஒரு பட்டியல் வரும். அதில் என் பெயர்தான் முதலில் இருக்கும். வாரத்தில் அந்த ஒரு நிமிடம் எனக்குப் போதுமானதாக இருந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

மார்ச் மாதத்தின் முதல் ஞாயிறு, ஆட்டத்துக்கு நடுவில் "காப்பி" என்று தட்டச்சு செய்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனேன். என் பேச்சை அணைத்திருந்தேன். ஒலிவாங்கியோடு சேர்ந்த அந்தக் கம்பியில்லாத ஹெட்செட் மட்டும் கழுத்தில் கிடந்தது. அதிலிருந்து கைசுவின் குரல் சன்னமாக வந்தது.

"பென்ட்டி, அவ போயிட்டாளா?"

"காப்பின்னு போட்டிருக்கா. போயிருப்பா."

"அப்ப கேளு. அடுத்த ஞாயிறு வரேன். அதோட நான் நிறுத்திக்கறேன்யா."

"ஏம்மா, விளையாடறியா? என்னை யாரு பார்த்துப்பா? நீ இல்லேன்னா நான் வாசல்லயே செத்துக் கிடப்பேன்."

"உன்னால தொந்தரவே இல்ல. சொன்ன இடத்துல எருமை மாதிரி நிப்பே. அவளைத்தான் என்னால முடியல. எங்கேயோ போய் நிக்கறா. அடிபட்டா நான் உன்னை விட்டுட்டு ஓடணும். ஓடினா நீ சாகறே. ஓடலேன்னா அவ சாகறா. வாரம் பூரா பஸ் ஓட்டறேன், ஞாயித்துக்கிழமை பஸ்ஸைத் துரத்தணுமா?"

"ஆனா என்னமா அடிக்கறா! அவதானே முதல் ஆளு."

"அடிக்கறா. யாரு இல்லேன்னா?" என்றாள் கைசு. "நான் இருக்கறது அவளுக்கு வேணுமா வேண்டாமான்னே தெரியல பென்ட்டி. அப்படி ஒருத்தியை எத்தனை வருஷம் காப்பாத்திட்டே இருப்பே?"

காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது. துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, பேச்சைத் திறந்து, "வந்துட்டேன்" என்றேன்.

"காப்பி எப்படி?" என்றாள் கைசு, எப்போதும்போல.

"பொங்கிடுச்சு."

"அடிப்பாவி, ஒரு காப்பியைக்கூட பக்கத்துல நின்னு பார்த்துக்க மாட்டியா?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும்.

அந்த வாரம் முழுவதும் அவள் குரல் என்னோடு வீட்டுக்குள் நடந்தது. இல்லாமல் போகப் போகிற ஒன்றின் அளவை நான் அப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். என் பெயரை வாய்விட்டுச் சொல்கிறவர்கள் இந்தத் தீவில் நான்கு பேர் இருக்கலாம். கடைக்காரி, படகில் கொடி காட்டுபவர், கூட வேலை செய்யும் ஹெய்மோ, அப்புறம் பல் மருத்துவர். ஆனால் திரையில் என் உயிர்க்கோடு சிவப்பாகும்போது, "துய்யா, பிடிச்சுக்கோ, இதோ வந்துட்டேன்" என்று ஒருத்தி ஓடி வருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அவள் ஓடி வர வேண்டும் என்பதற்காகவா அவ்வளவு தூரத்தில் நின்றேன்? அந்தக் கேள்வியை ஒரு துணியால் மூடுவதுபோல மூடி வைத்தேன். அடுத்த ஞாயிறு அவள் போய்விட்டால் பென்ட்டியும் போவார். சகோதரர்கள் சொல்லாமலே போவார்கள். மிஞ்சுவது பட்டியலில் முதல் பெயர்.

என் வேலை ஐஸின் கனத்தை அளப்பது. குளிர்காலத்தில் கடல் போதுமான அளவு உறைந்தால் தீவிலிருந்து கரைவரை அதன்மேலேயே சாலை திறப்பார்கள். அதற்கு முன்னால் ஹெய்மோவும் நானும் நடந்து போய், நூறு மீட்டருக்கு ஒரு துளை போட்டு, அளவுகோலை இறக்கிப் பார்ப்போம். இரண்டு பேர் இடுப்பையும் ஒரு கயிறு இணைக்கும், பதினைந்து மீட்டர். ஒரே இடத்தில் இரண்டு பேர் பாரம் விழக் கூடாது, அதனால் தள்ளித்தான் நடக்க வேண்டும்.

புதன்கிழமை காற்றே இல்லை. வானமும் ஐஸும் ஒரே பால் நிறம். எது எங்கே முடிகிறது என்று தெரியாத அந்த வெளிச்சத்தில் ஹெய்மோவின் சிவப்புத் தொப்பி மட்டும் மிதந்து வந்தது. ஒரு துளை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. கயிறு போதவில்லை. கொக்கியைக் கழற்றிவிட்டுப் போய்ப் போட்டேன். கனம் சரியாக இருந்தது.

"மறுபடியும் கழட்டிட்டியா?" ஹெய்மோ கத்தினான்.

"ஐஸ் கெட்டியாத்தான் இருக்கு!"

"அது உனக்கு எப்பத் தெரிஞ்சுது? துளை போட்டப்புறம்தானே? நீ உள்ள போயிருந்தா நான் இங்க நின்னு என்ன பண்றது, கை தட்டறதா?"

"சரி, சரி."

"என்ன சரி? இருபது வருஷமா இதே சரிதான். கயிறு எதுக்குன்னு நினைச்சே நீ?"

கொக்கியை மாட்டிக்கொண்டு திரும்ப நடந்தேன். கயிறு எங்கள் நடுவே ஐஸைத் தொட்டும் தொடாமலும் வந்தது. அந்தப் பதினைந்து மீட்டரை, நான் ஹெய்மோவிடமிருந்து விலகி நிற்க வேண்டிய தூரம் என்றே இருபது வருடமாக நினைத்திருந்தேன். அவன் அதை என்னை இழுக்க முடிகிற தூரம் என்று நினைத்து நடந்துகொண்டிருந்திருக்கிறான். ஒரே கயிறுதான்.

ஞாயிறு வந்தது. ஜன்னலில் வெயில். மேசையில் ரை ரொட்டி, தொடாமல். அன்று மூழ்கிய மணிக்கூண்டுக்குள் போவதாகத் திட்டம். கடலுக்கடியில் இருக்கும் ஒரு கோபுரம் அது; சுவர்களில் மீன்கள் நீந்தும், படிகள் கீழ்நோக்கிச் சுழலும். வாசலில் ஒரு மணல்கடிகாரம். முப்பது நிமிடத்தில் மணல் தீர்வதற்குள் அடியில் இருக்கும் மணிக்காரியை வீழ்த்தினால் ஒரு நீல விளக்கு கிடைக்கும். நாங்கள் நான்கு மாதமாக முயன்றும் கிடைக்காத விளக்கு.

"இன்னிக்கு எடுத்துடலாம்" என்றார் பென்ட்டி. குரல் கொஞ்சம் பெரிதாக இருந்தது, துக்க வீட்டில் பேசுகிறவர்களுக்கு ஆகுமே, அப்படி.

முதல் கூடத்தில் வழக்கமான இடத்துக்குக் கால் தானாகப் போயிற்று. நிறுத்தி, திரும்பி, கைசுவின் வெள்ளை உருவத்தை நோக்கி நடந்தேன். முப்பத்தைந்து. முப்பது. இருபத்தைந்து. அங்கே நின்றேன். பென்ட்டி மிருகங்களின் முகத்தைத் தன் பக்கம் திருப்பும்வரை வில்லைத் தொடாமல் இருந்தேன், மூன்று விநாடி. முன்பெல்லாம் அந்த மூன்று விநாடியில் இரண்டு அம்பு விட்டிருப்பேன். மிருகங்களும் அவரை விட்டுவிட்டு என்னிடம் வந்திருக்கும்.

கிட்டே எல்லாமே வேறாக இருந்தது. சத்தம் சத்தமாக வந்தது. பென்ட்டியின் கேடயத்தில் ஒரு விரிசல் இருந்தது. கைசுவின் அங்கிக் கைகளில் சிவப்பாகச் சின்னச் சின்னப் பழங்கள் தைத்திருந்தன, காட்டில் பொறுக்கும் லிங்கன்பெர்ரிப் பழங்கள். ஏழு வருடமாக அவள் அதைத்தான் அணிந்திருந்தாளா? கேட்க வெட்கமாக இருந்தது. தரையில் நஞ்சு பரவி என் காலடிக்கு வந்தது, விலக வேண்டியிருந்தது. விலகினால் இழுத்த நாண் தளர்ந்துவிடும். மறுபடி முதலிலிருந்து இழுக்க வேண்டும். பயம் என்று அதைச் சொல்லலாமா தெரியவில்லை. பிறர் மூச்சு படும் தூரத்தில் நிற்கும்போது வருவது. முன்பு வீட்டில் என் கணவர் ஆர்னே இருந்தபோதும் வந்திருக்கிறது. "நீ அடுத்த அறையிலதான் எப்பவும் இருக்கே" என்பார் அவர், நான் எதிரில் உட்கார்ந்திருக்கையில்.

மூன்றாவது கூடத்துக்குப் பிறகு மூத்த நிசுலா பேசினான்.

"துய்யா. உடம்பு சரியில்லையா?"

"ஏன்?"

"உன்னைத் தாண்டிட்டேன்."

பட்டியலில் நான் மூன்றாவதாக இருந்தேன். பென்ட்டி வெடித்துச் சிரித்தார். "யப்பா, ஒரே மூச்சுல இத்தனை வார்த்தை! தண்ணி குடிடா."

கைசு சிரிக்கவில்லை. அவள் பக்கத்திலிருந்து விசைப்பலகையின் சத்தம் மட்டும், மழை மாதிரி.

அடித்தளத்துக்கு வந்தபோது மணல் நான்கு நிமிடத்துக்குத்தான் இருந்தது. மணிக்காரி கூரையளவு உயரம். அவள் கூந்தல் தண்ணீரில் ஆடும் பாசி. அதற்குள் சின்னச் சின்ன மணிகள். இடையிடையே அவள் பாட ஆரம்பிப்பாள். பாட்டு முடிந்தால் எல்லோரும் தூங்கிவிடுவோம், அப்படியே சாவோம். அதை நடுவில் அறுக்க என்னிடம் ஒரு மொட்டை அம்பு உண்டு. அதை விட வேண்டுமானால் இழுத்துக்கொண்டிருக்கும் பெரிய அம்பைக் கைவிட வேண்டும். போன மாதம் மூன்று முறை நான் கைவிடவில்லை. பாட்டு முடிவதற்குள் அவள் விழுந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். மூன்று முறையும் தூங்கினோம்.

அன்று ஐந்து பாட்டை அறுத்தேன். ஒவ்வொரு முறையும் என் பெரிய அம்பு ஒளியாகி உதிர்ந்து போனது. கைசுவின் வெளிச்சம் என்மேல் வந்து விழுந்துகொண்டே இருந்தது; அவள் ஓடவில்லை, நின்ற இடத்திலிருந்தே கையை மட்டும் நீட்டினாள். நீலமான அந்த அறையில் நாங்கள் ஐந்து பேரும் ஒரே நீரில் மெதுவாக ஆடுவதுபோல எனக்கு இருந்தது. கை என்ன செய்கிறது என்று நான் பார்க்கவில்லை.

"பதினஞ்சு செகண்ட்" என்றார் பென்ட்டி. "செத்துட்டா, கிட்டத்தட்ட செத்துட்டா, அடிங்க!"

நாண் பாதி இழுபட்டிருந்தது. அப்போது மணிக்காரி மறுபடி வாயைத் திறந்தாள், பாட. இந்த அம்பு முழுதாகப் போனால் அவள் விழுவாள், அநேகமாக. மணலும் மிஞ்சும், விளக்கும் கிடைக்கும், பட்டியலில் முதலாவதாகவும் வரலாம். அநேகமாக. ஹெய்மோவின் சிவப்புத் தொப்பி ஒரு கணம் எங்கேயோ மிதந்தது.

பெரிய அம்பைக் கைவிட்டேன். மொட்டை அம்பு போய் அவள் தொண்டையில் மோதியது. பாட்டு நின்றது. சகோதரர்களின் கத்திகள் மேலும் கீழும் மின்னின. மணல் தீர்ந்தது. அதற்கு அப்புறம்தான், ஆறு விநாடி கழித்து, அவள் சரிந்தாள். மணிகள் எல்லாம் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், தரையில் விழுந்து ஒலித்தன.

ஐந்து பேரும் நின்றுகொண்டிருந்தோம். நான்கு மாதத்தில் அந்த அறையில் ஐந்து பேரும் நின்றுகொண்டிருப்பது இதுதான் முதல் முறை. இனி கைசு சொல்லப் போவதைக் கேட்பதற்கு நான் தயாராக இல்லை. ஹெட்செட்டைக் கழற்றிவிடலாம் என்று கை போயிற்று. அப்புறம் மேசைக்கே திரும்பியது.

"ஆறு செகண்ட்" என்றாள் கைசு. "நாலாவது கூடத்துல பென்ட்டி அந்த நண்டைத் தேவையில்லாம இழுத்து வந்தான். அதுலயே இருபது போச்சு. அடுத்த வாரம் அதை விட்டுடுவோம்."

"அடுத்த வாரமா?" பென்ட்டியின் குரல் உடைந்தது. "நீ..."

"காது கேக்கலையா? நண்டைத் தொடாதே."

சகோதரர்கள் வெளியேறினார்கள். பென்ட்டி நண்டுக்காக மூன்று முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு, சவுனா நீராவிக் குளியலுக்கு விறகு போட வேண்டும் என்று போனார். கைசு போகவில்லை. அவள் உருவம் கடைசிப் படியில் போய் உட்கார்ந்தது. நான் போய்ப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். மீன்கள் சுவருக்குள் போய் வந்தன.

"போன வாரம் கேட்டுட்டே, இல்ல?" என்றாள்.

"கேட்டேன்."

"எவ்வளவு?"

"எல்லாம்."

"நல்லது. திரும்பச் சொல்ற வேலை மிச்சம்."

பிறகு அவளே, "இன்னிக்கு உன்னைத் தேடவே இல்லடி" என்றாள். "திரும்பினா இருந்தே."

"உன் கையில பழம் போட்டிருக்கு" என்றேன்.

"அடிப்பாவி. ஏழு வருஷமா போட்டிருக்கு."

என் ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய்ந்து, ஐஸ் ரோஜா நிறமாகிக்கொண்டிருந்தது. ஹெய்மோவும் நானும் நட்ட கம்புகள் கரைவரை ஒரு வரிசையாகப் போயின, கண்ணுக்குத் தெரியும் மட்டும்.

"செவ்வாய்க்கிழமை ஐஸ் ரோட்டைத் திறக்கறாங்க" என்றேன். "காருக்கும் காருக்கும் ஐம்பது மீட்டர் விடணும். நடுவுல நிறுத்தக் கூடாது."

"பஸ்காரிக்கே ரோடு சொல்லித் தர்றியா?" என்றாள் கைசு. "காப்பியைப் பொங்க விடாம இருந்தா வரேன்."

"பக்கத்துலயே நிக்கறேன்" என்றேன்.